பிறர் முன்னோரின் படங்கள்

இங்கிலாந்தின் கீழ்ப்பிரதேசத்தில், நார்ஃபோக், ஸஃபோக் என்னும் இரு மாவட்டங்களும் சந்திக்கும் எல்லையருகே, தெட்ஃபோர்ட் என்றொரு பழைய பட்டணம் இருக்கிறது. மணற்பாங்கான புதர்நிலங்கள் சூழ்ந்த அப்பட்டணத்தின் ஒயிட் ஹார்ட் வீதியில், ஏறக்குறைய 1490ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, செதுக்கு வேலைப்பாடமைந்த ஓக் மர உத்தரங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி நிற்க, ஊரார் ‘புராதன வீடு’ என்றே வழங்கிவரும் ஒரு வீடு உண்டு. அதனை 1921ஆம் ஆண்டில் ஊர்ச் சபைக்குத் தானமாக அளித்து, அது 1924இல் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்படுவதற்குக் காரணமாக இருந்தவர், அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆங்கிலக் கனவான் ஒருவர் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் அவர் பெயர் பிரெடரிக் துலீப் சிங். பஞ்சாப் சிங்கம் என்று உலகம் கொண்டாடிய மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேரர் அவர்.

சரித்திரத்தில் அவருக்குப் பெரிய இடம் ஒன்றுமில்லை. தந்தையின் கதை பரிதாபமானது. ஆதலால் பலராலும் எழுதப்பட்டது. கடைசித் தங்கையின் கதை வீரம் நிறைந்தது. அண்மைக்காலத்தில் அதுவும் நன்கு அறியப்பட்டுவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே, ஏடுகளையும் பழைய படங்களையும் புரட்டிக்கொண்டு ஒரு சிற்றூரில் அமைதியாக வாழ்ந்து மறைந்த பிரெடரிக், பிறர் வாழ்க்கை வரலாறுகளில் ஓரிரு வாக்கியங்களாக மட்டும் தலைகாட்டிச் செல்கிறார். எனினும் அந்த வம்சத்தில் என் மனம் மீண்டும் மீண்டும் சென்று நிற்பது இவரிடத்திலேதான். அதன் காரணத்தைச் சொல்ல, இவர் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னே, லாகூர்க் கோட்டையில் எழுதப்பட்ட ஒரு ஜாபிதாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரஞ்சித் சிங் 1839 ஜூன் 27ஆம் தேதி காலமானார். அடுத்த நான்கு ஆண்டுகளில் கொலையும் சூழ்ச்சியும் மாறிமாறி லாகூர் சிம்மாசனத்தைச் சூழ்ந்தன. வாரிசுகளும் மந்திரிகளும் ஒருவர்பின் ஒருவராக மடிய, 1843இல் அவருடைய கடைசிப் புதல்வனாகிய ஐந்து வயதுச் சிறுவன் துலீப் சிங் அரியணையில் அமர்த்தப்பட்டான். தாய் ராணி ஜிந்தான் கௌர் பிரதிநிதியாக ராஜ்யபாரம் ஏற்றாள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு இரண்டு சீக்கிய யுத்தங்கள் நிகழ்ந்தன. 1849 மார்ச் 29ஆம் தேதி, பத்து வயதுப் பாலகனாக இருந்த துலீப் சிங், தன் ராஜ்யத்தையும் பொக்கிஷத்தையும் கம்பெனியாருக்கும், கோஹினூர் வைரத்தை இங்கிலாந்து மகாராணிக்கும் ஒப்புவிக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டான். ஆண்டொன்றுக்கு நான்கு லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும் ஐந்து லட்சத்துக்கு மேற்படாமலும் உபகாரச் சம்பளம் தருவதாக அந்தப் பத்திரம் சொல்லிற்று.

அரசு போனபின் எஞ்சியிருந்தது தோஷகானா, அதாவது லாகூர்க் கோட்டையின் பொக்கிஷசாலை. சிறுவனுக்குப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஜான் லாகின் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர்தாம் அதற்கும் பொறுப்பாளர். முத்துமாலைகள், ரத்தினம் இழைத்த வாள்கள், காஷ்மீரச் சால்வைகள், வெள்ளித் தூண் நாட்டிய கூடாரங்கள், யானைகளின் தங்க அம்பாரிகள் ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பெயரும் மதிப்பும் குறித்து அவர் ஜாபிதா எழுதினார். அவர் நேர்மையானவர், ஜாபிதா பிழையின்றி எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கலைப்பதற்கென்றே எழுதப்பட்ட ஜாபிதா. கோஹினூர் 1850 ஜூலையில் விக்டோரியா மகாராணியின் கையை அடைந்தது. முல்தானைச் சேர்ந்த ஹாஃபிஸ் முகம்மது என்னும் பொற்கொல்லர், விரிந்த தாமரை இதழ்களைப்போல் தகடடித்து ரஞ்சித் சிங்குக்குச் செய்துகொடுத்த பொற்சிம்மாசனம் லண்டனுக்குக் கப்பலேறிற்று. மற்றவற்றில் பெரும்பகுதி பகிரங்க ஏலத்தில் கூறப்பட்டு, வாங்கினவர்களோடு திசைக்கொன்றாகப் போயிற்று. ஒரு வம்சம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்தது பட்டியலாக மாறி, பட்டியல் ஏலமாக மாறி மறைந்த விதம் இது.

தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஃபதேகட்டில் வளர்க்கப்பட்ட துலீப் சிங், 1853இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி, மறு ஆண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே மகாராணியின் அன்புக்குப் பாத்திரமாகி, வின்டர்ஹால்டர் என்னும் பிரசித்தி பெற்ற சித்திரக்காரரின் முன்னே ராஜ உடையில் நின்றார். பதினைந்து வயதுப் பிள்ளை இன்னும் வளர்வான் என்று எண்ணிய சித்திரக்காரர், இருந்ததைவிட உயரமாக அவரை எழுதினார். பிள்ளையோ அதற்குமேல் வளரவேயில்லை. அந்தப் படத்துக்காகப் பக்கிங்ஹாம் அரண்மனையில் நின்றுகொண்டிருந்த வேளையிலேதான், பட்டை தீட்டிச் சிறுத்துப்போன கோஹினூரை மகாராணி அவர் கையில் வைத்துப் பார்க்கச் செய்தார். சாளரத்தருகே சென்று அதை நெடுநேரம் உற்று நோக்கிய அந்த இளைஞர், திரும்பி வந்து பணிவோடு மகாராணியிடமே கொடுத்தார் என்பது, உடனிருந்த லாகினின் மனைவி பின்னாளில் எழுதிவைத்த செய்தி.

1863இல் துலீப் சிங், தெட்ஃபோர்டுக்கு நான்கு மைல் தொலைவிலுள்ள எல்வெடன் என்ற எஸ்டேட்டைச் சுமார் 17,000 ஏக்கர் நிலத்தோடு வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய தாய் லண்டனில் இறந்தாள். பிரேதத்தைத் தகனம் செய்ய அக்காலத்து இங்கிலாந்தில் வழியில்லாமையால், பல மாதங்கள் ஒரு கல்லறை மண்டபத்தில் வைத்திருந்து, மறு ஆண்டு கப்பலில் பம்பாய்க்குக் கொண்டுவந்து, பஞ்சாபுக்குள் கால்வைக்க அனுமதி கிடையாததால் நாசிக்கிலேயே எரியூட்டி, கோதாவரியில் கடன் கழித்துத் திரும்பினார் மகன். திரும்பும் வழியில் கெய்ரோவில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் பயிற்றுவித்துக்கொண்டிருந்த பம்பா முல்லர் என்னும் பெண்ணைக் கண்டு மணந்தார். ஜெர்மானிய வணிகருக்கும் அபிசீனியப் பெண்மணிக்கும் பிறந்த அவளுக்கு அரபு மொழி ஒன்றுதான் பேசத் தெரியும். 1864 ஜூன் 7ஆம் தேதி அலெக்ஸாண்டிரியாவில் நடந்த அந்தத் திருமணத்தில் மணமகனும் மணமகளும் ஒருவர் பேசுவதை மற்றவர் அறியாதவர்களாய் நின்றார்கள். பஞ்சாபும் ஜெர்மனியும் அபிசீனியாவும் கலந்த அந்தக் குடும்பத்தில், 1868 ஜனவரி 23ஆம் தேதி பிறந்தவர் பிரெடரிக். அவருக்கு முன் 1866இல் விக்டரும், பின் பம்பா, காதரின், ஸோபியா, ஆல்பர்ட் எட்வர்ட் என்னும் நால்வரும் பிறந்தனர்.

எல்வெடன் மாளிகை, வெளியே ஆங்கிலத் தோற்றமும் உள்ளே லாகூர்த் தோற்றமும் கொண்டதாக ஜான் நார்ட்டன் என்னும் சிற்பியால் திருத்தியமைக்கப்பட்டது. தூண்களில் கொடிவேலையும், சுவர்களில் லாகூர்க் கோட்டையின் ஷீஷ் மகாலை நினைவூட்டும் கண்ணாடிப் பதிப்பும் இருந்தன. வெளியேயோ கௌதாரி வேட்டைக்குப் பேர்போன காடு. துலீப் சிங் இங்கிலாந்தின் தலைசிறந்த துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றிருந்தார். வேட்டை விருந்துக்கு வேல்ஸ் இளவரசர் வருவார்; பிரபுக்கள் வருவார்கள். கண்ணாடிச் சுவரில் மெழுகுவர்த்தி ஒளி நூறாகத் தெறிக்க, அதைப் பார்த்துக்கொண்டு உறங்கிப்போகும் குழந்தைகளுக்கு, அந்த ஒளி எந்த ஊர் அரண்மனையின் நினைவு என்பது எவ்வளவு தெரிந்திருக்கும்?

கடன் ஏறிக்கொண்டே போயிற்று. தனக்கு உரிய குடும்பச் சொத்துக்களைக் கம்பெனியும் பின்வந்த அரசாங்கமும் அபகரித்துவிட்டன என்று துலீப் சிங் விண்ணப்பமும் வழக்கும் எழுதத் தொடங்கினார். எதுவும் பலிக்காமற் போகவே, 1886 மார்ச் 31ஆம் தேதி, எல்வெடனைத் துறந்து, மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஏடனில் கப்பல் தடுக்கப்பட்டது. குடும்பம் திருப்பியனுப்பப்பட, தந்தை மட்டும் அங்கே தங்கி மே 25ஆம் தேதி மீண்டும் சீக்கிய தீட்சை பெற்றார். பிறகு ஐரோப்பாவுக்குச் சென்று, ரஷ்யச் சக்கரவர்த்தியின் உதவியால் பஞ்சாபை மீட்கலாம் என்னும் வீண் கனவின் பின்னே மாஸ்கோவுக்கும் பாரிசுக்கும் அலைந்தார். ஏடன் துறைமுகத்தில் அந்தக் குடும்பம் பிரிந்தபோது பிரெடரிக்குக்குப் பதினெட்டு வயது. கடைசித் தம்பிக்கு ஏழு நிரம்பவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் தாய் பம்பா இறந்தாள். மகாராணியின் ஏற்பாட்டில், இளைய குழந்தைகள் ஆர்தர் ஆலிஃபன்ட் என்பவரின் பொறுப்பில் வளர்ந்தார்கள்.

மகன் தந்தையை வெறுத்திருந்தால் அதற்கு நியாயம் இருந்திருக்கும். ஆனால் 1891ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் நிகழ்ந்த ஒரு சந்திப்பைப்பற்றி விக்டோரியா மகாராணியின் நாட்குறிப்பு சொல்வதைக் கேட்கும்போது, வேறொரு சித்திரம் தோன்றுகிறது. கிராஸ் என்ற ஊரில் மகாராணி தங்கியிருந்தார். பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்து, தலை வழுக்கையாகி, கிளர்ச்சியெல்லாம் அடங்கிப்போன துலீப் சிங், நீஸ் நகரத்திலிருந்து வண்டியில் வந்து அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டு வாய்விட்டு அழுதார். அவரை உடனிருந்து அழைத்துவந்தவர் இரண்டாம் புதல்வர் பிரெடரிக். சிம்மாசனம் இழந்ததை அந்தப் பிள்ளை பார்த்ததில்லை; சிம்மாசனத்தை இழந்தவர், அதை எடுத்துக்கொண்டவரிடம் மன்னிப்பு வேண்டுவதைப் பார்க்க நேர்ந்தது. தந்தையைத் தாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய அந்த இருபத்துமூன்று வயது இளைஞரைப்பற்றி எண்ணும்போதெல்லாம், அவர் பின்னாளில் ஏன் அப்படிப்பட்ட வாழ்க்கையைத் தேர்ந்தார் என்பது எனக்கு ஒருவாறு விளங்குவதுபோல் இருக்கிறது.

1893இல், மே மாதம் பதின்மூன்று வயதுத் தம்பி எட்வர்டும், அக்டோபர் 22ஆம் தேதி பாரிசில் தந்தையும் இறந்தார்கள். துலீப் சிங்கின் சடலம் எல்வெடனுக்குக் கொண்டுவரப்பட்டு, மனைவிக்கும் மகனுக்கும் அருகே, கிராமத் தேவாலயத்தின் முற்றத்தில் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு எஸ்டேட், கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐவா பிரபுவுக்கு விற்கப்பட்டது. அவர் மாளிகையின் லாகூர் வேலைப்பாட்டைப் பேணி, பின்னால் பளிங்கு மண்டபம் ஒன்றும் சேர்த்துக் கட்டினார். ஆனாலும் துலீப் சிங்கின் பிள்ளைகளுக்கு அது இனி அயலார் வீடு.

பிரெடரிக் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் மாட்லின் கல்லூரியிலும் பயின்றவர். சரித்திரத்தைப் பாடமாகக் கொண்டவர். லண்டன் மாநகரமோ, ஐரோப்பாவின் உல்லாசப் பட்டணங்களோ அவரை இழுக்கவில்லை. எல்வெடனைச் சுற்றி ஏறத்தாழ இருபது மைல் வட்டத்துக்குள்ளேயே, முதலில் ஓல்ட் பக்கன்ஹாமிலும், இடையே பிரெக்கிள்ஸிலும், கடைசியில் ப்ளோ நார்ட்டனிலுமாகத் தம் வாழ்நாளைக் கழித்தார். 1893இல் ஸஃபோக் யோமன்றி என்னும் தொண்டர் குதிரைப் படையில் சேர்ந்தார். 1901இல் நார்ஃபோக் யோமன்றிக்கு மாறி மேஜர் பதவி அடைந்து, 1909இல் விலகினார். 1914இல் மகாயுத்தம் மூண்டதும், நாற்பத்தாறு வயதில் மீண்டும் படையில் சேர்ந்து, 1917 முதல் 1919 வரையில் பிரான்ஸில் பணிபுரிந்தார். ஆயினும் அவருடைய உயிர் நின்றது பட்டாளத்தில் அன்று. புராதனப் பொருள் ஆராய்ச்சிச் சங்கங்களிலும், பாழடைந்த கிராமத் தேவாலயங்களிலும், பழைய வீடுகளின் மாடிக் கூடங்களிலுமே அது நின்றது. லண்டன் புராதன ஆராய்ச்சிக் கழகத்தின் உறுப்பினராகவும், நார்ஃபோக் தொல்பொருட் சங்கத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பெரும்பணி, நார்ஃபோக் மாவட்டத்துப் பழைய குடும்பங்களின் வீடுகளில் தொங்கிய முன்னோர் படங்களை ஒன்றுவிடாமற் பார்த்து ஜாபிதா எழுதுவது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையின் தன்மையைச் சற்று விரித்துச் சொன்னால்தான் அதன் அருமை தெரியும். ஆங்கில நாட்டுப்புறத்தின் நிலப்பிரபுக் குடும்பங்கள், பதினாறாம் நூற்றாண்டு முதலே தங்கள் உருவத்தைப் பலகையிலோ கித்தான் துணியிலோ எழுதச் செய்து கூடத்தில் மாட்டிவைக்கும் வழக்கமுடையவை. பெயர்பெற்ற சித்திரக்காரர் எழுதியது சில; ஊர் ஊராய்ச் சென்று கூலிக்கு எழுதிய, பெயர் தெரியாத கைவினைஞர்களின் வேலை பல. இரண்டு மூன்று தலைமுறை போனால், படத்தில் இருப்பவர் யார் என்பது வீட்டாருக்கே மறந்துபோகும். பிழையான பெயர்ச்சீட்டுகள் ஒட்டப்படும். சுத்தம் செய்கிறேன் என்று வருகிறவன் ஓரத்து எழுத்துக்களை அழித்துவிடுவான்.

ஆதலால் படத்தின் எதிரே நிற்கும் ஆராய்ச்சியாளர், மூலையில் எழுதிய குலச்சின்னத்தைப் படித்து எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்தது என்பதை ஊகிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு மடித்து நிறுத்திய துணி வளையமா, தோளில் விழும் பின்னல் கழுத்துப்பட்டையா, தோளுக்குக் கீழே புரளும் பொய்ம்முடியா என்று பார்த்து, எலிஸபெத் காலமா, முதலாம் சார்ல்ஸ் காலமா, இரண்டாம் சார்ல்ஸ் காலமா என்று தேர வேண்டும். பிறகு கோயில் பதிவேட்டையும் கல்லறைக் கல்வெட்டையும் உயில்களையும் ஒத்துப்பார்த்து, அந்த முகத்துக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணின் நிறம், கூந்தலின் நிறம், உடையின் நிறம், கை எதைப் பற்றியிருக்கிறது என்பது, படத்தின் அளவு ஆகிய இவையெல்லாம் குறிக்கப்பட்டால்தான், நாளை அந்தப் படம் எந்தச் சந்தையில் அகப்பட்டாலும் இன்னாருடையது என்று சொல்ல முடியும்.

அந்த நாள் வெகுதூரத்தில் இருக்கவுமில்லை. அமெரிக்கத் தானியம் வந்து குவிந்ததால் 1870களின் இறுதி முதற்கொண்டே கீழ் இங்கிலாந்தின் விவசாயம் நலிந்திருந்தது. 1894இல் வந்த மரண வரி, யுத்தத்துக்குப்பின் மிக உயர்ந்தது. வாரிசுகள் போர்க்களத்தில் மாண்டுவிட, எத்தனையோ நிலங்கள் கைமாறின. வீடுகள் இடிக்கப்பட்டன, கூடத்துப் படங்கள் ஏலக்காரரின் சுத்தியலுக்குக் கீழே வந்து, பெயரையும் ஊரையும் இழந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டின. ஒரு குடும்பம் கலைவது என்றால் என்ன என்பதை அறிந்த கண்ணோடு பிரெடரிக் அந்த வீடுகளுக்குள் நுழைந்தார் என்றே நான் நினைக்கிறேன். லாகூரில் லாகின் எழுதிய ஜாபிதா பொருள்களைப் பிரிப்பதற்காக எழுதப்பட்டது. நார்ஃபோக்கில் ரஞ்சித் சிங்கின் பேரர் எழுதிய ஜாபிதா, பொருள்கள் பிரிந்து போனாலும் அவற்றின் பெயர் பிரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. தம் முன்னோரின் உடைமைகளுக்கு யாரும் செய்யாத உபகாரத்தை அவர் பிறர் முன்னோருக்குச் செய்தார்.

அவருடைய இன்னொரு பற்றைச் சிலர் ஒரு விநோதப் பழக்கமாகவே எழுதிவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்டு, சிம்மாசனத்தை இழந்து, பரதேசத்தில் அலைந்து முடிந்த ஸ்டூவர்ட் வம்சத்தாரிடம் அவருக்கு அளவற்ற அபிமானம். அவ்வம்சத்தின் நினைவுப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். முதலாம் சார்ல்ஸ் அரசரின் தலையைக் கொய்வித்த கிராம்வெல்லின் படத்தையோ, தம் வீட்டுக் கழிப்பறையில் தலைகீழாக மாட்டிவைத்தார். இதை ஒரு தனவந்தரின் விளையாட்டாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சார்ல்ஸ் அரசர் கொலையுண்டது 1649இல். பஞ்சாப் பறிபோனது 1849இல். பறித்தவர்கள் எந்த மகாராணியின் பெயரால் பறித்தார்களோ, அந்த மகாராணியின் அன்பிலும் உபகாரச் சம்பளத்திலும் வளர்ந்த ஒரு பிள்ளை, தன் வம்சத்துக்காக வாய்திறந்து புலம்ப வழியில்லாதபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அரசிழந்த வேறொரு வம்சத்துக்காக ஆத்திரப்படலாம் அல்லவா? விண்ணப்பம் எழுதி எழுதி உருகி அழிந்த தந்தையைக் கண்டவர், தாம் ஒரு விண்ணப்பமும் எழுதாமல் ஸ்டூவர்ட்டுகளின் பக்கம் நின்றார். இது என் ஊகந்தான். ஆனால் கிராஸில் நடந்ததை அறிந்தபின் வேறு விதமாக எண்ண என்னால் இயலவில்லை.

ப்ளோ நார்ட்டன் மாளிகை, அகழி சூழ்ந்த எலிஸபெத் காலத்து வீடு. பிரெடரிக் அங்கே குடியேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பின்னாளில் வர்ஜினியா உல்ஃப் என்று உலகறிய விளங்கப்போகும் இளம்பெண் ஒருத்தி அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கி, நார்ஃபோக்கின் பழைய குடும்பத்துக் காகிதங்களைத் தேடிச் செல்லும் ஓர் ஆராய்ச்சிப் பெண்மணியைப்பற்றிய கதையை எழுதினாள் என்பது நெஞ்சைத் தொடும் தற்செயல். கதையில் வந்த வேலையை வாழ்க்கையில் செய்யும் ஒருவர் அதே வீட்டுக்குப் பின்னால் வந்துசேர்ந்தார். மணம் புரியாமலே, நூல்களும் படங்களும் சூழ, சுற்றுப்புறத்துத் தேவாலயங்கள் பழுதுபட்டால் அவற்றுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு, அவர் அங்கே வாழ்ந்தார்.

உடன்பிறந்தவர்கள் திசைக்கொருவராகச் சென்றிருந்தார்கள். மூத்தவர் விக்டர், மகாராணியின் ஞானப் புதல்வர், கார்னார்வன் பிரபுவின் உற்ற தோழர். 1898இல் கவென்ட்ரி பிரபுவின் மகளை மணந்தார். நான்கே ஆண்டுகளில் திவாலானார். 1918இல் மான்ட்டி கார்லோவில் பிள்ளையில்லாமல் இறந்தார். காதரின், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபின், தம்மை வளர்த்த ஜெர்மானிய ஆசிரியையோடு காஸல் நகரத்தில் வாழ்ந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிவந்த யூதக் குடும்பங்களுக்கு அடைக்கலம் அளித்தார். கடைக்குட்டித் தங்கை ஸோபியா, ஹாம்ப்டன் கோர்ட்டில் மகாராணி அளித்த வீட்டில் வசித்துக்கொண்டே, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1910 நவம்பர் 18ஆம் தேதி பார்லிமெண்டு வாசலில் போலீசார் அடித்து நொறுக்கிய கூட்டத்தின் முன்னணியில் நின்றார். வாக்கில்லாதவளுக்கு வரியுமில்லை என்று வரிகட்ட மறுத்ததனால், வைர மோதிரம் ஜப்தி செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தது. ரஞ்சித் சிங் குடும்பத்து நகை மறுபடியும் ஏலமேறிற்று! இம்முறை தோழியர் அதை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பித் தந்தார்கள்.

மூத்த தங்கை பம்பாவின் வழி தனி. தம்மைப் பஞ்சாபின் ராஜகுமாரி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, பாட்டனாரின் தலைநகரத்துக்கே சென்று குடியேறி, லாகூர் வைத்தியக் கல்லூரித் தலைவராயிருந்த கர்னல் ஸதர்லண்டை 1915இல் மணந்தார். கோதாவரிக் கரையில் இருந்த பாட்டி ஜிந்தானின் அஸ்தியை, ஆங்கிலேய அரசாங்கம் மகனுக்கு மறுத்த லாகூருக்கு, 1924இல் கொண்டுவந்து ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தவர் இந்தப் பேத்தியே. அதே 1924இல்தான் அண்ணன் பிரெடரிக் அளித்த புராதன வீடு தெட்ஃபோர்டில் பொருட்காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் முற்றிலும் மாறான வழியில் சென்றதாகத் தோன்றும். பழையது சிதறிப்போகக் கூடாது என்ற ஒரே தவிப்பு அவர்கள் இருவரையும் நடத்திற்று என்று எனக்குப் படுகிறது.

பிரெடரிக் 1926 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஐம்பத்தெட்டாவது வயதில், ப்ளோ நார்ட்டனில் காலமானார். கிராமத் தேவாலயத்தின் முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். சேகரித்த கீழ் இங்கிலாந்துப் படங்களைத் தெட்ஃபோர்ட் ஊராருக்கே உயிலெழுதி வைத்திருந்தார். நார்ஃபோக் வீடுகளின் படங்களைப்பற்றிய ஜாபிதா, ஃபாரர் என்னும் பாதிரியாரின் பதிப்பில், இரண்டு பெரிய தொகுதிகளாக அவர் இறந்தபின் வெளிவந்தது.

காதரின் 1942இலும், ஸோபியா 1948இலும் மறைந்தார்கள். எஞ்சிய பம்பா, தேசப் பிரிவினைக்குப் பிறகும் லாகூரை விட்டு நகரவில்லை. சீக்கியர்கள் அனைவரும் நீங்கிவிட்ட அந்நகரத்தில், 1957 மார்ச் 10ஆம் தேதி அவர் இறந்தபோது, ரஞ்சித் சிங்கின் பேத்தியை அடக்கம் செய்ய ஒரு சீக்கியர்கூட அருகில் இல்லை. பிரிட்டிஷ் உதவித் தூதரகத்தார் முன்னின்று நடத்தினார்கள். துலீப் சிங்கின் மக்களில் ஒருவருக்கும் சந்ததி இல்லை. குடும்பத்தில் மிஞ்சிய படங்களும் பொருள்களும் பம்பாவிடம் வந்து சேர்ந்து, அவர் மறைவுக்குப்பின் பாகிஸ்தான் அரசாங்கத்தால் வாங்கப்பட்டன. அவற்றில் ஒன்று, 1841இல் லாகூருக்கு வந்த ஹங்கேரியச் சித்திரக்காரர் ஆகஸ்ட் ஷெஃப்ட் எழுதிய பிரம்மாண்டமான தர்பார்ப் படம். சர்தார்களும் மந்திரிகளும் குமாரர்களும் ஒவ்வொருவரும் அடையாளம் தெரியும்படி முகம் முகமாக அதில் நிற்கிறார்கள். 1849இல் எந்தக் கோட்டைப் பொக்கிஷசாலையின் வாசலில் அமர்ந்து லாகின் ஜாபிதா எழுதினாரோ, அந்தக் கோட்டைக்குள்ளேதான் அந்தப் படம் இன்று தொங்குகிறது.